அடியொலியும் பாட்டின் சொல்லும்

பங்குனி, சித்திரை மாதங்களில் பாலக்காட்டின் கிழக்கு எல்லை ஊர்களில் ஓர் இரவேனும் தங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ மீனாட்சிபுரத்துப் பக்கமோ கோயில் விழா நடக்கும். லாரி ஒன்றில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கிப் பாட்டு வைப்பார்கள். அரை மைல் தொலைவில் நிற்பவனிடம் முதலில் வந்து சேர்வது பாட்டு அன்று. பாட்டின் அடியில் கிடக்கும் அதிர்வு. ஜன்னல் கதவு நடுங்கும். அலமாரியில் எவர்சில்வர்த் தட்டுகள் தாமே பேசத் தொடங்கும். வண்டி அருகில் வந்து நின்ற பிறகாவது பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பது விளங்குமா என்றால், அதுதான் இல்லை. இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் மாரியம்மன் விழாக்களிலும் இதே நிலைதான். அங்கே மலைக்காற்று வேறு சேர்ந்துகொண்டு, சொல்லை வழியில் விட்டுவிட்டு, முழக்கத்தை மட்டும் அடுத்த சரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"இந்த முழக்கமே கேடு, இதை ஒழித்தால்தான் பாட்டு பிழைக்கும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நான் அந்தக் கட்சியில் இல்லை. கோயில் பெருமுரசைக் கேட்டு மெய்சிலிர்த்த நாம், கணிப்பொறியில் பிறந்த முழக்கத்தை மட்டும் தள்ளிவைப்பது முறையன்று. கலங்கிய அடியொலி சொல்லை விழுங்கும். தெளிந்த அடியொலி சொல்லைத் தாங்கும். அதைத் தெளியவைக்கும் வழியைத்தான் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று. நம் விடுதிகளில் இன்று பத்து அறைக்கு ஓர் அறையிலாவது மடிக்கணினியில் இசை அமைக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அட்டப்பாடியில் இருளர் பாட்டைப் பதிந்து வருகிறார். வட்டவடையிலும் மறையூரிலும் முதியவர்கள் பாடும் கும்மியைப் பதிந்து வருகிறார். அதற்கு மின்னணுத் தாளமும் அடியொலியும் சேர்த்துத் தம் கலவையாக வெளியிடுகிறார். நல்ல முயற்சிதான். ஆனால் அந்தப் பாட்டுகளின் சொற்களில் பல, எந்த அகராதியிலும் ஏறாதவை. திரைப்பாட்டின் வரி காதில் விழாவிட்டால் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். வட்டவடைக் கிழவியின் வரி காதில் விழாவிட்டால் எங்கே போய்ப் பார்ப்பது?

2020-ல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்தில் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா இருள மொழியில் பாடினார். அப்படம் வந்த ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு 2022-ல் அறிவிக்கப்பட்டது. தமிழுக்கு அண்டைவீட்டு மொழியான இருளத்தை அதற்கு முன் கேட்டே அறியாத பல்லாயிரம் பேர் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். பொருள் தெரியாமலேயே முணுமுணுக்க முடிந்தது என்றால், ஒவ்வோர் அசையும் காதில் விழுந்தது என்பதுதானே காரணம்? அதே பாட்டை விழா வண்டிகளில் அடியொலி ஏற்றி வைத்தபோது, அசைகள் போன இடம் தெரியவில்லை.

இனி, அடியொலி என்றால் என்ன என்று பார்ப்போம். மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பது பள்ளிப் பாடம். அதில் 20-லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை உள்ள அடித்தட்டையே ஒலிப்பதிவுக்காரர்கள் சப்-பேஸ் என்கிறார்கள். அதையே நான் அடியொலி என்று எழுதுகிறேன். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைக்கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். மனிதர் பேச்சின் அடிச்சுருதி பெரும்பாலும் நூறுக்கு மேல்தான். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மையோ இரண்டாயிரம், மூவாயிரம், அதற்கும் மேலே இருக்கிறது.

அப்படியானால் ஓர் ஐயம் எழும். அடியொலி தரையில் கிடக்கிறது, சொல் மாடியில் இருக்கிறது. தரையில் இருப்பது மாடியில் இருப்பதை எப்படி விழுங்கும்?

விடை நம் காதுக்குள்ளேயே இருக்கிறது. உட்செவியின் நத்தைச் சுருளில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஒலி உள்ளே நுழையும் வாயிலருகே உள்ள பகுதி உயர்ந்த ஒலிக்கு அசையும். சுருளின் கோடியில் உள்ள பகுதி தாழ்ந்த ஒலிக்கு அசையும். தாழ்ந்த ஒலி தன் இடத்தைச் சென்று சேர வேண்டுமானால், உயர்ந்த ஒலியின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அது வலுவாக இருந்தால், போகிற வழியெல்லாம் குலுக்கிக்கொண்டே போகும். சவ்வில் அலை இவ்வாறு பயணம் செய்வதைக் கண்டு காட்டிய பெக்கேசி என்னும் ஹங்கேரி நாட்டு அறிஞருக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. தாழ்ந்த ஒலி உயர்ந்ததை எளிதில் மறைக்கும். உயர்ந்தது தாழ்ந்ததை அவ்வளவு எளிதில் மறைக்காது. சொல்லின் கட்சி தொடக்கத்திலேயே பலங்குறைந்த கட்சி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் பெட்டியில் இருக்கிறது. ஒரே அளவு ஓசையாகத் தோன்றுவதற்குத் தாழ்ந்த ஒலிக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். 1933-ல் ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதை அளந்து காட்டினர். பின்னால் வந்த திருந்திய அளவின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக ஒலிப்பது எவ்வளவு உரக்கத் தோன்றுமோ, அதே உரத்தை 50 ஹெர்ட்ஸில் பெற ஏறக்குறைய 78 டெசிபல் வேண்டும். இந்த 38 டெசிபல் இடைவெளி ஆற்றலில் ஆறாயிரம் மடங்குக்கு மேல்! ஆகவே, ஒலிபெருக்கியின் வலிமையில் பெரும்பங்கை அடியொலியே வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தில்தான் குரல் வாழ வேண்டும். அடியொலி ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் பெருக்கி திணறி, அலையின் தலையை வெட்டிவிடுகிறது; அல்லது காவலுக்கு வைத்த லிமிட்டர் என்னும் கருவி எல்லாவற்றையும் சேர்த்து அமுக்குகிறது. வண்டிப்பாட்டில் குரல் மூச்சு முட்டுவதுபோல் ஏறி இறங்குவது இதனால்தான்.

அடியொலியை வழிபட்ட நாடு என்று ஜமைக்காவைச் சொல்லலாம். கிங்ஸ்டன் நகரில் 1950-களிலேயே பெரிய பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தெருவில் ஆட்டம் நடத்தினார்கள். நம் விழா வண்டிக்கு மூத்த உறவு அது. அங்கே மின்கருவிகளைப் பழுது பார்த்து வந்த கிங் டபி என்பவர் 1970-களில் புதிய வழி ஒன்று கண்டார். பாட்டில் அடியொலி ஓங்க வேண்டிய இடம் வந்தால், மற்றவற்றை எடுத்துவிடுவார். குரலை, கிட்டாரை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெற்றிடத்தில் அடியொலியை நடக்கவிடுவார். பிறகு குரல் திரும்பி வரும். சேர்ப்பதால் அன்று, நீக்குவதால் அடியொலி பெரிதாகும் என்னும் இந்தப் பாடத்தையே டப் என்று உலகம் பெயரிட்டு அழைத்தது. அவர் சொல்லை வேண்டுமென்றே எடுத்தார். நாமோ அறியாமலேயே மூழ்கடிக்கிறோம். வேறுபாடு பெரிது.

ஆனால் இந்தப் பாடத்துக்கு ஜமைக்கா வரை போக வேண்டுமா? பாலக்காட்டிலேயே அது இருக்கிறது. சித்தூர் வட்டத்தில் பெருவெம்பு என்றோர் ஊர். செண்டை, மத்தளம், மிருதங்கம் முதலிய தோற்கருவிகள் செய்வதில் பெயர் பெற்றது. மிருதங்கத்தின் வலந்தலையில் கருநிறச் சாந்து நிலையாகப் பூசியிருக்கும். இடப்பக்கமாகிய தொப்பியில் அப்படி இல்லை. கச்சேரிக்கு முன் ரவையை நீர்விட்டுப் பிசைந்து நடுவில் ஒட்டுவார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ரவை ஒட்டியதும் தோலின் எடை கூடுகிறது, எடை கூடினால் அதிர்வு மெதுவாகிறது, சுருதி இறங்குகிறது. கொஞ்சம் மிகுதியாக ஒட்டினால் ஒலி செத்துப்போகும், குறைந்தால் கத்தும். நம் அடியொலிக்கருவிகள் எல்லாவற்றிலும் பழைய திருகுகோல் இந்த ரவை உருண்டைதான்.

வெறுந்தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் அடிச்சுருதிக்கு 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒன்றோடொன்று பொருந்தாத கணக்கில் வரும். நம் முன்னோர் சாந்து பூசி, அவற்றை 2, 3, 4 என்னும் ஒழுங்கான மடங்குக்கு இழுத்துவந்தனர். இதைச் சர். சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-ல் விரிவாகவும் எழுதினார். அவருக்குக் கணிப்பொறி இல்லை. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது சேரும் கோடுகளைப் பார்த்தார்.

பாலக்காட்டு மணி ஐயரை (1912–1981) நம்மில் பலர் ஒலிப்பதிவில்தான் கேட்டிருக்கிறோம். அவர் தொப்பியைக் கேட்கும்போது, எங்கே ஒலிக்கிறது என்பதோடு எங்கே ஒலிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பாடகர் சொல்லை எடுக்கும் இடத்தில் இடக்கை ஒதுங்கிவிடும்; சொல் முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் கும்கி எழும். மைக்கைப் பிடிக்காதவர் அவர். மைக் வைத்தால் வாசிக்கமாட்டேன் என்று ஒரு காலத்தில் சொன்னவர். அவருடைய தொப்பியைப் பெரிதாக்கத் தெரிந்தவர்கள் அன்று இல்லை என்றே அதற்கு நான் பொருள் கொள்கிறேன். இடுக்கி மலையின் கிழக்கடியில், தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் நடக்கும் நடையையும் இதே காதுடன் கேளுங்கள். அது இரண்டாவது குரல்போல நடக்கும். ஆயினும் முதற்குரலின் காலை மிதிக்காது.

கொள்கை போதும், செய்முறைக்கு வருவோம். செய்முறையின் முதல் தடை, வியப்பாக இருக்கலாம், நாம் உட்கார்ந்திருக்கும் அறை.

விடுதி அறையும் சரி, எஸ்டேட் லயத்தின் அறையும் சரி, பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஏறத்தாழ 28 அடி. அவ்வளவு நீண்ட அலை இவ்வளவு சிறிய அறையில் நடமாட இடமின்றிச் சுவருக்குச் சுவர் மோதி நிற்கிறது. எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளி அரை அலைநீளத்துக்குச் சமமானால் அந்தச் சுருதி அறையில் தங்கிவிடும். பத்தடிக்கு அது 56 ஹெர்ட்ஸ் சுமார். ஆறு கட்டைச் சுருதியின் 55 ஹெர்ட்ஸுக்கு ஒட்டியே நிற்கிறது. நீளமும் அகலமும் சமமாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே சுருதி தங்கும். சதுர அறையைவிடக் கெட்ட அறை ஒன்று உண்டென்றால், அது உயரமும் பத்தடியாக அமைந்த அறைதான். (ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடுவதால், இந்தச் சுருதி 35 பாகை வெயிலுள்ள பாலக்காட்டில் ஏறக்குறைய 58 ஆகும், 10 பாகைக் குளிருள்ள மூணாற்றில் 55 ஆகும். இரண்டூர் நண்பர்கள் ஒரே கலவையைப் பற்றிச் சண்டையிட்டால், சண்டைக்கு இதைக் காரணமாகக் காட்டாதீர்கள், அறையே போதும்.)

இதனால் நிகழ்வது என்ன? அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தவனுக்கு அந்தச் சுருதி கேட்கவே கேட்காது. "அடியொலி போதவில்லை" என்று மேலும் ஏற்றுவான். சுவரோரக் கட்டிலில் சாய்ந்தவனுக்கு அதே சுருதி இரட்டிப்பாகக் கேட்கும், இறக்கிவிடுவான். இருவரும் பொய் சொல்லவில்லை. அறை இருவரிடமும் பொய் சொல்கிறது. முன்சுவரிலிருந்து நான்கடிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி நாற்காலியைப் போடுவது நடைமுறையில் நல்லது. மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் மேலொலி அடங்குமேயன்றி, 50 ஹெர்ட்ஸ் அலை அதைப் பொருட்படுத்தாது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டும் வழக்கத்தையும் இதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல ஹெட்போன் ஒன்றும், ஒலிநிரலைப் படமாகக் காட்டும் கருவி ஒன்றுமே நம்பத்தக்க துணை. ஆடாசிட்டி என்னும் விலையில்லா மென்பொருளிலேயே அப்படம் உண்டு. நீங்கள் மதிக்கும் பாட்டு ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, அதன் அடித்தட்டு எவ்வளவு உயரம் நிற்கிறது, உங்களுடையது எவ்வளவு நிற்கிறது என்று ஒப்பிடுங்கள்.

அடுத்தது சுருதி. இதில் அவசரம் கூடாது. பாடுகிறவரின் சுருதியை முதலில் கண்டுபிடியுங்கள். நாலரைக் கட்டை முதல் ஆறரைக் கட்டை வரை என்றால், அதன் கீழ்ச் சட்ஜம் 46 முதல் 58 ஹெர்ட்ஸுக்குள் விழும். அடியொலிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு கட்டை என்றால் 33-க்கு இறங்கும் அல்லது 65-க்கு ஏறும். முதலாவதைப் பெரும்பாலான பெட்டிகள் வாசிக்கமாட்டா, இரண்டாவதையே கொள்க. கிராமத்துப் பாடகர் எவரும் நம் இயந்திரத்தின் 440 கணக்கைப் பார்த்துப் பாடுவதில்லை. இரண்டு கட்டைக்கும் நடுவே எங்கேயோ நிற்பார். அப்போது இயந்திரத்தின் சுருதியைச் சென்ட் சென்ட்டாக நகர்த்தி அவரிடம் கொண்டுபோங்கள். குரலை இழுத்து இயந்திரத்தில் ஒட்டும் கருவிகள் இப்போது மலிந்திருக்கின்றன. அவற்றை இந்தப் பாட்டுகளில் தொடுவது, பாட்டியின் முகத்தைப் படம்பிடித்துவிட்டு மூக்கைத் திருத்துவது போன்றது.

அலை எது? சைன் அலையே. அதற்கு மேலொலி இல்லை. ஆகவே கலங்க வழியில்லை. அதைத் தொடங்கும்போது ஐந்து, பத்து மில்லிநொடி மெல்ல ஏறவும், முடியும்போது முப்பது, ஐம்பது மில்லிநொடி மெல்ல இறங்கவும் விடுங்கள். இல்லாவிட்டால் இருமுனையிலும் 'டக்' என்ற ஓசை விழும். ஒரு நேரத்தில் ஒரு சுருதிதான். 50-உம் 55-உம் ஒருங்கே ஒலித்தால் நொடிக்கு ஐந்து முறை அலை தளும்பும். கேட்பவர் அதைச் சுருதி என்று கொள்ளார், கலக்கம் என்றே கொள்வார். எதிரொலிக்கருவியை அடியொலிமேல் போட்டால் முந்திய சுருதியின் வால் அடுத்ததன்மேல் விழுந்து இதே கேடு வரும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் மோனோவாக நடுவில் நிற்கட்டும். இடமும் வலமும் மாறுபட்ட கட்டத்தில் இருந்துவிட்டால், இரண்டையும் ஒன்றாக்கி ஒலிக்கும் விழாப்பெட்டியில் அடியொலி தன்னைத்தானே தின்றுவிடும்.

கிக் என்னும் பெருந்தாளத்துக்கும் அடியொலிக்கும் உள்ள பகை பழைய பகை. இரண்டுக்கும் வீடு ஒரே தளத்தில். 1980-ல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட டி.ஆர். 808 என்னும் தாளக்கருவியில் கிக்கின் வாலை நீட்டிக்கொள்ளலாம். பின்னால் வந்தவர்கள் அந்த வாலையே அடியொலியாக வாசித்து, பகையைத் திருமணமாக முடித்துவைத்தார்கள். நாட்டுப்பாட்டுக்கு இது பல இடங்களில் பொருந்தும். பொருந்தாத இடத்தில் இருவரையும் காலத்தால் பிரிக்க வேண்டும். கிக் விழும் கணத்தில் அடியொலி தணிந்து, நூறு மில்லிநொடி அளவில் மீண்டும் எழுமாறு செய்யலாம். இதையே சைடுசெயின் என்கிறார்கள். இன்னொன்று கட்டம். 50 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று 20 மில்லிநொடி. கிக்கின் வாலும் அடியொலியும் அதே சுருதியில் இருந்து, ஒன்று பத்து மில்லிநொடி பிந்தினால், ஏறும் அலையும் இறங்கும் அலையும் எதிர்ப்பட்டு அழியும். எவ்வளவு ஏற்றினாலும் முழக்கம் வரவில்லை என்று புலம்பும் நண்பர்களின் கலவையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். அலையைத் தலைகீழாக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எந்நிலையில் நிறைவாக ஒலிக்கிறதோ அந்நிலையை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிங் டபியின் வேலை: நீக்குவது. குரல் பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாட்டு எதுவும் இல்லை. காற்று மைக்கில் அடித்தது, கைமாற்றியபோது உராய்ந்தது, தொலைவில் ஜீப் ஏறியது ஆகியவையே இருக்கும். வடிகட்டியால் வெட்டிவிடுங்கள். குழலிலும் ஜால்ராவிலும் 200-க்குக் கீழே தாராளமாக வெட்டலாம். அடியொலியிலேயேகூட 25-க்குக் கீழே உள்ளது பெட்டியின் காகிதக்கூம்பை வீணாக ஆட்டுவதன்றி யாருக்கும் கேட்பதில்லை, அதையும் வெட்டுங்கள். மொத்தக் கலவையின் உச்சி எல்லைக்கு ஆறு டெசிபல் கீழேயே நிற்கட்டும். வண்டிக்காரர் எப்படியும் ஏற்றத்தான் போகிறார்.

கைப்பேசியில் கேட்பவருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதன் சின்னஞ்சிறு ஒலிவாய் 50 ஹெர்ட்ஸைத் தொடாது. ஆனால் செவியின் வேடிக்கை ஒன்று உண்டு. 100, 150, 200 என்னும் மடங்குகள் ஒலித்தால், ஒலிக்காத 50-ஐயும் அது தானே ஊகித்துக்கொள்ளும். ஆகவே சைன் அலையின் படி ஒன்றை எடுத்து, சிறிது திரிபு ஏற்றி, மேலொலி பிறக்கச் செய்து, மிக மெல்லச் சேருங்கள். மூல அலையைத் தொடாதீர்கள். ரவையைப் போல, கொஞ்சம் என்பதற்கும் மிகுதி என்பதற்கும் இடையே ஒரு சிட்டிகைதான்.

நண்பர்கள் இருவருடன் அட்டப்பாடி ஊர் ஒன்றில் மூதாட்டி ஒருவரின் பாட்டைப் பதிந்தோம். தவிலும், பொறை என்னும் தோற்கருவியும், கொகல் என்னும் குழலும் உடன் ஒலித்தன. நண்பர் செய்த முதற்கலவையை அடுத்த முறை போனபோது பெரிய பெட்டியில் வைத்துக் காட்டினோம். சிறுவர்கள் ஆடினார்கள். மூதாட்டி முடியும்வரை கேட்டுவிட்டு, "நான் எங்கே பாடுகிறேன்?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தேடினார். பொறையின் அடிமுழக்கம் ஏற்கெனவே பதிவில் இருக்க, அதன்மேல் கிக்கும், அதன்மேல் அடியொலியும் ஆக, ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

பிறகு கிக்கை அறவே எடுத்தோம். அந்த வேலையைப் பொறைக்கே விட்டுவிட்டு, அதன் 60-க்குக் கீழே மட்டும் தணித்து, அவ்விடத்தில் அடியொலியை அவருடைய சுருதிக்கு இறக்கி வைத்தோம். சைடுசெயினைத் தாளத்தோடு கட்டாமல் குரலோடு கட்டினோம்: அவர் வாயெடுக்கும்போது அடியொலி மூன்று டெசிபல் தணியும், மூச்சு வாங்கும்போது எழும். மணி ஐயரின் இடக்கையிடம் கற்றதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தோம், அவ்வளவே.

நன்றாக இருக்கிறதா என்று யாரையும் கேட்கவேண்டாம். நண்பர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். பாட்டை அறியாத ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, காதில் விழுந்த அசைகளை எழுதச் சொல்லுங்கள். அவர் கோடு போட்டு விட்ட இடம் ஒவ்வொன்றுக்கும் நேரே கலவையில் அந்த நொடியைத் திறந்து, அடியில் எந்தச் சுருதி ஒலிக்கிறது என்று பாருங்கள். எங்கள் முதற்கலவைக்கு வட்டவடையைச் சேர்ந்த அறைத்தோழர் ஒருவர் எழுதியபோது, தாளில் எழுத்தைவிடக் கோடே மிகுதியாக இருந்தது. அடுத்த கலவைக்குப் பாட்டை அறியாத வேறொருவரைப் பிடித்தோம். அவர் தாளில் நான்கு கோடுகள் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு நேரே அடியொலி சற்று நீண்டிருந்தது, குறுக்கினோம். மற்ற இரண்டு இடங்களில் அடியொலியே இல்லை. குரல் தெளிவாகவே கேட்டது. அவர் அந்தச் சொற்களை அதற்கு முன் எங்கும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவற்றின் பொருளை மூதாட்டியிடம் கேட்டு எழுதிவர, அடுத்த விடுமுறையில் மீண்டும் மலை ஏறுகிறோம்.